ஒரு அறையில் பக்கவாதம், அடுத்த அறையில் பச்சைக் குழந்தை: குடும்ப ஜெபத்தை எப்படி நடத்துவது?

முத்துநகர் எழுதியது:

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். தூத்துக்குடியில் இருக்கிறோம், சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) குடும்பம். அப்பாவுக்கு இரண்டு மாதத்துக்கு முன்னால் பக்கவாதம் வந்து வலது கை, கால் விழுந்துவிட்டது. பேச்சும் போய்விட்டது. "ஆமா", "இல்ல" மட்டும் வருகிறது. அதுவும் சில நேரம் மாறி வருகிறது. தங்கை தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள், பெண் குழந்தை பிறந்து மூன்று வாரம் ஆகிறது. எல்லாரும் ஒரே வீட்டில்தான்.

அப்பா நடமாடியவரை ராத்திரி எட்டு மணி ஜெபம் தவறாது. இப்போது அது நின்றே போய்விட்டது. யாராவது ஆரம்பித்தால் அம்மா அழுகிறார்கள், ஜெபம் பாதியில் முடிகிறது. குழந்தைக்காக நன்றி சொல்லி ஸ்தோத்திரக் கூட்டம் வைக்கலாம் என்றால், "மனுஷன் படுத்துக் கிடக்கும்போது என்ன கொண்டாட்டம்" என்று சொந்தக்காரர்கள் கேட்கிறார்கள்.

தெரிந்தவர்கள் சொல்லுங்கள். ஜெபத்தை எந்த முறையில் திரும்பத் தொடங்குவது? ஸ்தோத்திரக் கூட்டம் வைப்பது சரியா? அப்பாவுக்குத் தண்ணீர் குடித்தாலே இருமல் வருகிறது, நற்கருணை (ஆராதனையில் வாங்கும் அப்பமும் திராட்சரசமும்) எப்படிக் கொடுப்பது? இன்னொன்று: வருகிறவர்களில் சிலர் "வீட்டில் ஏதோ பாவம் இருக்கிறது, கண்டுபிடித்து அறிக்கை செய்யுங்கள்" என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். அம்மா அதிலேயே உடைந்துபோயிருக்கிறார்கள்.

---

சேகர மூப்பன் எழுதியது:

தம்பி, கடைசிக் கேள்வியை முதலில் எடுக்கிறேன், அம்மாவுக்கு உடனே தேவைப்படுவது அதுதான். பிறவிக் குருடனைப் பார்த்து "இவன் செய்த பாவமோ, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமோ" என்று சீஷர்கள் கேட்டபோது, இரண்டும் இல்லை என்று ஆண்டவரே சொல்லிவிட்டார். யோவான் 9-ஆம் அதிகாரம், முதல் மூன்று வசனம். அம்மாவிடம் வேதாகமத்தைத் திறந்து அந்த இடத்தைக் காட்டுங்கள், வாயால் ஆறுதல் சொல்வதோடு நிறுத்தாதீர்கள். யோபுவின் சிநேகிதர்கள் ஏழு நாள் ஒன்றும் பேசாமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்களே, அதுவரை சரியாகத்தான் இருந்தார்கள். வாய் திறந்து காரணம் சொல்ல ஆரம்பித்த பிறகுதான் தேவன் அவர்கள்மேல் கோபங்கொண்டார்.

இனி ஜெபம். எட்டு மணிக்குத்தான் என்று பிடித்துக்கொண்டு நிற்காதீர்கள். நோயாளியும் கைக்குழந்தையும் இருக்கிற வீட்டில் மணிக்கணக்கு நிற்காது, ஒரு வேலையோடு சேர்த்து வைத்தால் நிற்கும். அப்பாவை நிமிர்த்தி உட்காரவைத்து ராத்திரிச் சாப்பாடும் மாத்திரையும் கொடுப்பீர்கள் அல்லவா, அது முடிந்த கையோடு ஜெபம். சாப்பிட்ட பிறகு அரை மணி நேரமாவது அவரைச் சாய்க்கக் கூடாது, அந்த நேரமும் இதிலேயே போய்விடும். இடம் அப்பாவின் கட்டிலைச் சுற்றித்தான். முன்னறையில் ஜெபம் நடந்து, பாட்டுச் சத்தம் மட்டும் அவர் காதில் விழுந்தால், தான் தள்ளி வைக்கப்பட்டதாகவே நினைப்பார்.

மொத்தம் பன்னிரண்டு, பதின்மூன்று நிமிஷம் போதும். ஒரு கீர்த்தனையில் பல்லவியும் ஒரு சரணமும். பிறகு வேதாகமத்தின் சங்கீதப் புத்தகத்திலிருந்து ஒரு சங்கீதம். பிறகு சுவிசேஷத்தில் பத்து வசனம். மாற்கிலிருந்து தொடங்குங்கள், 16 அதிகாரந்தான், இரண்டு மாதத்துக்குச் சற்று மேலாக முடிந்துவிடும். அதன்பின் நாலு நிமிஷத்துக்கு மேல் போகாத ஜெபம், கடைசியில் எல்லாரும் சேர்ந்து கர்த்தருடைய ஜெபம். வேத விளக்கம் வேண்டாம். குடும்ப ஜெபம் நின்றுபோகிற வீடுகளில் முக்கால்வாசி இடத்தில் காரணம், ஒருவர் இருபது நிமிஷம் பிரசங்கம் செய்ததுதான்.

சங்கீதத்தை வரிசையாக வாசியுங்கள், பிடித்ததைப் பொறுக்காதீர்கள். 119-ஐ எட்டெட்டு வசனமாக 22 பங்காகப் பிரித்து, மற்றதை ஒரு நாளைக்கு ஒன்று என்று வாசித்தால் 171 நாளில் 150-ம் முடியும். வரிசையாகப் போகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நாமாகத் தேர்ந்தெடுத்தால் 23, 91, 121 என்று அதையே சுற்றி வருவோம். 13-ம் 88-ம் கண்ணில் படவே படாது. "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்று தொடங்குகிற 13-ஐப் பாருங்கள், ஆறே வசனம். முதல் இரண்டில் முறையீடு, அடுத்த இரண்டில் விண்ணப்பம், கடைசி இரண்டில் நம்பிக்கை. 88-இல் அந்தக் கடைசித் திருப்பமும் கிடையாது, முடிவு வரை வேதனைதான். அதுவும் ஜெபம் என்றுதான் வேதத்தில் இருக்கிறது. அம்மா அழுதால் ஜெபம் கெட்டுப்போகவில்லை. வாசிக்கிறவர் சற்று நிறுத்தி, அழுகை ஓய்ந்ததும் விட்ட வசனத்திலிருந்து தொடரட்டும். "அழாதீங்கம்மா" என்று யாரும் சொல்ல வேண்டாம்.

ஸ்தோத்திரக் கூட்டம் தாராளமாக வையுங்கள். பழைய ஆங்கிலிக்கன் ஜெபப் புத்தகத்தில் பிள்ளை பெற்ற பெண் நன்றி செலுத்தும் முறைமையில் வாசிக்கக் கொடுத்திருப்பது 116 அல்லது 127-ஆம் சங்கீதம். 116-ஐ எடுத்துப் பாருங்கள். "மரணக்கட்டுகள் என்னைச் சுற்றிக்கொண்டது" என்று சாவின் விளிம்பில் கிடந்தவன் பாடுகிற பாட்டு அது. உங்கள் வீட்டின் இரண்டு அறைக்கும் அந்த ஒரே சங்கீதம் பொருந்தும். ஒரு கவனம் மட்டும்: பரிசுத்தவான்களின் மரணத்தைப் பற்றிய 15-ஆம் வசனத்தை நம் ஊரில் அடக்க ஆராதனையில் வாசித்து வாசித்து எல்லார் மனதிலும் பதிந்திருக்கிறது. அப்பா காதில் அது வேறுமாதிரி விழக்கூடும். 1 முதல் 9 வரைக்கும், பிறகு 12 முதல் 14 வரைக்கும் வாசித்தால் போதும்.

கூட்டம் சிறியதாக இருக்கட்டும். சேகரத்து ஐயர் (நம் சபைப் போதகர்), ஜெபக்குழுவில் நாலைந்து வீடு, நெருங்கின சொந்தம். ஐம்பது பேர் என்றால் இரண்டரைக் கிலோ கொண்டைக்கடலை ஊறப்போட்டுச் சுண்டல், ஐந்து லிட்டர் டீ. மருத்துவச் செலவு ஓடிக்கொண்டிருக்கும் வீட்டில் பிரியாணிக்குக் கடன் வாங்கினால் ஸ்தோத்திரம் போய் வட்டிதான் மிஞ்சும்.

---

பேச்சுப் பயிற்சி எழுதியது:

ஸ்பீச் தெரபி துறையில் இருப்பதால் அப்பாவின் பேச்சு, விழுங்குதல் இரண்டைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

வலது பக்கம் விழுந்து பேச்சும் போனால், பெரும்பாலும் மூளையின் இடப்பக்கம் பாதிக்கப்பட்டிருக்கும். இதை அஃபேசியா என்பார்கள். சொல்ல நினைப்பதற்கும் சொல் வாயில் வருவதற்கும் நடுவில் வழி அறுந்துபோகிறது, அறிவு மங்கிவிடவில்லை. "ஆமா"வும் "இல்ல"வும் மாறி வருவதும் இதனால்தான். ஆகவே வாயில் வரும் சொல்லை மட்டும் நம்பாதீர்கள். தலையசைப்பு, இடது கைக் கட்டைவிரல் மேலே கீழே, இதையும் சேர்த்துப் பாருங்கள். ஒரு கேள்விக்கு ஒரு விஷயம்தான். "பாட்டுப் பாடலாமா, இல்ல வசனம் வாசிக்கலாமா?" என்று கேட்டால் குழம்புவார். "பாட்டு பாடலாமாப்பா?" என்று கேட்டுவிட்டு, பத்து விநாடியாவது காத்திருங்கள். அவர் முகத்தைப் பார்த்தபடி அவருடைய இடது பக்கம் உட்காருங்கள். சிலருக்கு வலப்பக்கப் பார்வையும் குறைந்திருக்கும்.

உங்கள் வீட்டுக்கு முக்கியமான செய்தி ஒன்று. ஒரு வாக்கியம் பேச முடியாதவர்களில் பலர், சிறுவயதில் மனப்பாடம் செய்த பாட்டைச் சொல்லோடு பாடுவார்கள். கர்த்தருடைய ஜெபம், ஒன்று இரண்டு மூன்று எண்ணுவது, கிழமைகள், இப்படி நாக்கில் ஊறிப்போனவையும் தானாக வரும். அவர் ஞாயிறு பள்ளியில் படித்த கீர்த்தனை எது என்று அம்மாவுக்குத் தெரியும், அதை எடுங்கள். புதுப் பாட்டு வேண்டாம். சுருதியைத் தாழ்த்தி, வழக்கத்தைவிட மெதுவாக, இடது கையை உங்கள் கையில் பிடித்துத் தாளம் தட்டிக்கொண்டே பாடுங்கள். இரண்டு தடவை முழுதாகப் பாடிவிட்டு, மூன்றாம் தடவை வரியின் கடைசிச் சொல்லுக்கு முன்னால் நிறுத்தி அவர் உதட்டைப் பாருங்கள். சொல் வரலாம், வெறும் ஓசை வரலாம், ஒன்றும் வராமலும் போகலாம். எது வந்தாலும் அப்படியே அடுத்த வரிக்குப் போய்விடுங்கள். திருத்தவோ, "இன்னொரு தடவை சொல்லுங்கப்பா" என்று பரீட்சை வைக்கவோ வேண்டாம். பாட்டில் வந்த சொல் பேச்சில் வராததைப் பார்த்து வீட்டார் சோர்ந்துபோவதுண்டு. இரண்டும் வேறு வழி, தெரபியைத் தொடர்ந்தால் பேச்சும் மாதக்கணக்கில் முன்னேறும்.

தண்ணீர் குடித்தால் இருமுவது சாதாரண விஷயம் அல்ல. தண்ணீர் மூச்சுக்குழாய்க்குள் போகிறது என்பதன் அடையாளம் அது, நிமோனியா வரைக்கும் கொண்டுபோகும். நற்கருணைக்கு முன்னால் விழுங்கும் பரிசோதனை கட்டாயம் செய்யுங்கள். பக்கவாத நோயாளிக்குத் தண்ணீர் மாதிரி நீர்த்த பொருள்தான் பெரும்பாலும் அபாயம், கஞ்சிப் பதம் பாதுகாப்பு. காய்ந்த அப்பம் பொடிப்பொடியாக உதிர்ந்து தொண்டையில் ஒட்டும். பரிசோதனையில் அனுமதி கிடைத்தால், அரிசி அளவு அப்பத் துணுக்கைத் திராட்சரசத்தில் தோய்த்து ஈரமாக்கி, சிறிய கரண்டியில் வாயின் இடப்பக்கம் வைக்கச் சொல்லுங்கள். முதுகு நேராக, முகம் சற்றே குனிந்து இருக்கட்டும். விழுங்கிய பிறகு வாயைத் திறந்து பாருங்கள், செயலற்ற வலது கன்னத்துக்குள் துணுக்கு தங்கியிருக்கும். குரல் ஈரமாக, கொழகொழவென்று கேட்டால் அதோடு நிறுத்திவிட வேண்டும். அனுமதி கிடைக்காவிட்டால் ஒரு துளியும் வேண்டாம், பக்தியின் பேரில் யாரும் துணிய வேண்டாம்.

---

முத்துநகர் எழுதியது:

இவ்வளவு விவரம் எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. நன்றி. மேலும் இரண்டு சந்தேகம். விழுங்கவே கூடாது என்று சொல்லிவிட்டால் அப்பாவுக்கு நற்கருணையே கிடையாதா? எனக்குத் துறைமுகத்தில் ஷிப்ட் வேலை, வாரம் ஒன்று ராத்திரி வேலை. நான் இல்லாதபோது யார் நடத்துவது? மூத்த பையனுக்கு 14 வயது, ஜெபம் என்றாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறான்.

---

தாமிரபரணி எழுதியது:

தம்பி, நீங்கள் எழுதியதில் உங்கள் மனைவியைப் பற்றி ஒரு வரியும் இல்லை. மாமனாரைத் துடைப்பது, இரண்டு மணிக்கொரு தரம் புரட்டிப் படுக்கவைப்பது, நாத்தனாருக்குப் பத்தியச் சாப்பாடு, பையனின் பள்ளிக்கூடம் என்று எல்லாம் பெரும்பாலும் ஒருத்தி தலையில்தான் விழுந்திருக்கும். ஜெபத்தையும் அவள் இழுத்துச் செய்ய வேண்டிய இன்னொரு வேலையாக ஆக்கிவிடாதீர்கள். ஜெபத்துக்கு முன்னால் பாத்திரத்தை நீங்களும் பையனும் கழுவிவிடுங்கள். அந்தப் பதின்மூன்று நிமிஷம் அவள் நாற்காலியில் சாய்ந்து உட்காரட்டும், தூங்கிப்போனால் எழுப்பாதீர்கள். எலியா தீர்க்கதரிசி சாகவேண்டும் என்று கேட்டுக்கொண்டு சூரைச்செடியின் கீழ் படுத்திருந்தபோது தேவதூதன் உபதேசம் ஒன்றும் செய்யவில்லை. தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தான். தின்றுவிட்டுத் திரும்பப் படுத்தவனை மறுபடி எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். கர்த்தர் அவனோடு பேசியது அதற்கெல்லாம் பிறகுதான்.

வாரத்தில் ஒரு பகல், ஜெபக்குழுவிலிருந்து இருவர் வந்து மூன்று மணி நேரம் பார்த்துக்கொள்ளட்டும். "ஏதாவது உதவி வேண்டுமா?" என்று கேட்பவர்களிடம் "ஒன்றுமில்லை" என்று சொல்வது நம் வழக்கம். அதை விட்டுவிட்டு வேலையைப் பெயர் சொல்லிக் கேளுங்கள்: புதன்கிழமை மதியச் சாப்பாடு, வெள்ளிக்கிழமை பிசியோவுக்கு ஆட்டோவில் கூட வர ஓர் ஆள், இந்த மாத்திரைச் சீட்டு. குறிப்பாகக் கேட்டால் சபையார் சந்தோஷமாகச் செய்வார்கள்.

தங்கையையும் கவனியுங்கள். பிரசவமான முதல் இரண்டு வாரம் காரணமில்லாமல் அழுகை வருவது சகஜம், தானாக அடங்கிவிடும். மூன்று வாரம் ஆகியும் அழுகை நிற்காமல், தூக்கம் இல்லாமல், குழந்தைமேல் பிடிப்பே இல்லாமல் இருந்தால் மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். அப்பாவுக்கும் அப்படித்தான். பக்கவாதத்துக்குப் பிறகு மனச்சோர்வு வருவது அதிகம், அதற்கு மருந்து உண்டு. இவற்றை விசுவாசக் குறைவு என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

பையன் விஷயம். 14 வயதுப் பிள்ளை முகம் திருப்புவதற்குப் பொதுவான காரணம், ஜெபத்துக்குள் அவனுக்குத் திட்டு விழுவது. "ஆண்டவரே, இவன் போனைக் கீழே வைக்கக் கிருபை செய்யும்" என்று கண்ணை மூடிக்கொண்டு சொன்னால் அது அவனிடம் பேசிய பேச்சு, ஆண்டவரிடம் பேசியது ஆகாது. சொல்ல வேண்டியதைப் பகலில் நேராகச் சொல்லுங்கள். ஜெபத்தில் அவனிடம் ஒரு முழுப் பொறுப்பைக் கொடுங்கள், சங்கீதம் வாசிப்பது அவன் வேலை. தாத்தாவுக்குக் கேட்கும்படி, அவர் இடது பக்கம் நின்று, நிறுத்தி வாசிக்க வேண்டும் என்று காரணத்தோடு சொன்னால் செய்வான். சத்தமாக ஜெபிக்கக் கட்டாயப்படுத்தாதீர்கள். நீங்கள் ராத்திரி வேலைக்குப் போகிற வாரம் அம்மா நடத்தட்டும். தினமும் ஒரே முறைமை என்பதால் யார் நடத்தினாலும் மாறாது. மூப்பர் ஐயா சொன்ன குறுகிய வடிவத்தின் பலனே அதுதான்.

வருகிறவர்களுக்கு ஒரு வரம்பு வையுங்கள். ஒரு நேரத்தில் மூன்று பேருக்கு மேல் வேண்டாம், பத்து நிமிஷம், மாலை நாலு முதல் ஆறு வரை. வாசலிலேயே உங்கள் மனைவி அல்ல, நீங்களோ உங்கள் சித்தப்பா பெரியப்பாவோ சொல்லுங்கள். எண்ணெய் பூசி ஜெபிப்பது யாக்கோபு 5:14-இல் இருக்கிறதுதான், நெற்றியில் ஒரு துளி போதும். வாயில் ஊற்றவோ படுக்கைப் புண்ணில் தடவவோ விடாதீர்கள். "விசுவாசம் இருந்தால் மாத்திரையை நிறுத்துங்கள்" என்று ஒருவர் சொன்னால் அந்த ஆளை மறுபடி உள்ளே விட வேண்டாம். பிரஷர் மாத்திரையையும் இரத்தம் உறையாமலிருக்கக் கொடுக்கும் மாத்திரையையும் திடீரென நிறுத்துவது இரண்டாவது பக்கவாதத்துக்கு வழி. சாகக்கிடந்த எசேக்கியா ராஜா கண்ணீர்விட்டு ஜெபம்பண்ணினான், கர்த்தர் கேட்டார். அதற்குப் பிறகும் அத்திப்பழ அடையைப் பிளவையின்மேல் பற்றுப் போடச் சொன்னார் ஏசாயா தீர்க்கதரிசி.

அம்மாவுக்குச் சர்க்கரை இருந்தால் உபவாச விஷயத்திலும் கவனம். இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுத்துக்கொண்டு பட்டினி இருந்தால் சர்க்கரை சட்டென்று இறங்கி மயக்கம் வரும். கணவருக்காக உபவாசம் இருந்தே தீருவேன் என்றால், சாப்பாட்டை விடாமல் டீயையோ டிவியையோ விடச் சொல்லுங்கள்.

ஒரு நோட்டும் வைத்துக்கொள்ளுங்கள். தேதி, என்ன கேட்டோம், என்ன நடந்தது. "பதில் கிடைத்தது" என்ற பக்கம் மட்டும் இருந்தால் கிடைக்காதவை கணக்கில் வராமல் போய்விடும். "இன்னும் காத்திருக்கிறோம்" என்றும் ஒரு பக்கம் இருக்கட்டும். குழந்தை பால் குடித்தது, அப்பா கட்டைவிரலைத் தூக்கியது எல்லாம் நோட்டில் ஏறட்டும்.

---

சேகர மூப்பன் எழுதியது:

தாமிரபரணி அக்கா சொன்னதெல்லாம் ஏற்கத்தக்கது. நோட்டில் மட்டும் எனக்கு ஒரு தயக்கம். தினமும் எழுதினால் வீடு முழுக்கக் கணக்குப் பார்க்க ஆரம்பித்துவிடும், "இன்னைக்கு என்ன முன்னேற்றம்" என்று அப்பாவையே அளப்பார்கள். ஞாயிறு ராத்திரி ஒரு தடவை, ஐந்து வரி எழுதினால் போதும் என்பது என் எண்ணம்.

நற்கருணை பற்றி. விழுங்க முடியாதவருக்கு நற்கருணை கிடையாது என்று சபை ஒருநாளும் சொன்னதில்லை. 1662-ஆம் ஆண்டு ஜெபப் புத்தகத்தில், நோயாளிகளுக்கான நற்கருணை முறைமையில் இதற்கென்றே குறிப்பு இருக்கிறது. உண்மையாய் மனந்திரும்பி, கிறிஸ்து தனக்காக மரித்தார் என்று விசுவாசித்து நன்றி செலுத்துகிறவன், வாயினால் வாங்க முடியாமற்போனாலும், கிறிஸ்துவின் சரீரத்தையும் இரத்தத்தையும் தன் ஆத்துமாவுக்குப் பிரயோஜனமாக உட்கொள்கிறான் என்பது அதன் சாரம். ஐயரிடம் இதைச் சொல்லி, முறைமை முழுவதையும் கட்டிலருகே நடத்தச் சொல்லுங்கள். அப்பமும் ரசமும் மற்றவர்கள் வாங்கட்டும், அப்பாவின் தலையில் கைவைத்து ஐயர் ஆசீர்வாதம் கூறட்டும். ஏன் அவருக்கு மட்டும் வாயில் கொடுக்கவில்லை என்பதை ஆராதனைக்கு முன்பே அவரிடம் சின்ன வாக்கியமாகச் சொல்லிவிடுங்கள். சொல்லாமல் விட்டால் தன்னைத் தள்ளிவிட்டதாக எண்ணிக் கலங்குவார்.

ஐயர் வருகிற நாளில் மேஜை ஒன்று, வெள்ளைத் துணி, கை கழுவத் தண்ணீர், இவ்வளவு போதும். பாத்திரங்களை அவரே கொண்டுவருவார். காலை நேரம் நல்லது, சாயங்காலத்துக்குள் நோயாளி களைத்துவிடுவார். சுருக்கமான முறைமை வேண்டும் என்று முன்கூட்டியே கேளுங்கள், இருபது நிமிஷத்துக்கு மேல் அப்பாவால் உட்கார முடியாது.

குழந்தையின் ஞானஸ்நானத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அடுத்து அதுதான் வரும். அப்பா பார்க்க வேண்டும் என்பதற்காக வீட்டில் வைக்க ஆசை வரும். உயிருக்கு ஆபத்தான நிலையில் தவிர, கோயிலில் ஞாயிறு ஆராதனையில் கொடுப்பதுதான் முறை. பிள்ளையை வளர்க்கும் பொறுப்பில் தங்களுக்கும் பங்கு உண்டென்று முழுச் சபையும் அங்கேதான் ஏற்றுக்கொள்கிறது. சக்கர நாற்காலியில் அப்பா ஒரு மணி நேரம் உட்காரும் நிலைக்கு வரும்வரை ஒன்றிரண்டு மாதம் தள்ளிவைக்கலாம், தவறில்லை. கோயிலில் சாய்தளம் இருக்கிறதா, கடைசிப் பெஞ்சை நகர்த்தி நாற்காலிக்கு இடம் விட முடியுமா என்று முந்தின வாரமே கோயில் பிள்ளையிடம் (கோயிலைப் பார்த்துக்கொள்ளும் ஊழியரிடம்) பார்த்துவைக்கச் சொல்லுங்கள். தங்கை கணவரின் சபை வேறு சேகரம் என்றால், எந்தக் கோயில் பதிவேட்டில் பெயர் ஏறப்போகிறது என்பதை இரண்டு வீட்டாரும் முன்பே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். ஞானப்பெற்றோர் திடப்படுத்தல் (கன்ஃபர்மேஷன்) பெற்றவர்களா என்றும் ஐயர் கேட்பார்.